ஏழு டிகிரி

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது. ஹெப்பகோடியில் மனை அளந்துகொண்டிருந்தபோது பிலோமினா மாரடைப்பில் இறந்துவிட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். மேனேஜர் மட்டும் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: 'நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்.' அந்தக் குடும்பத்திலிருந்து அவரைத் துரத்தியது யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் சர்வேயர், அவர் அளந்து வந்ததை வரைபடமாக்குபவன் நான். பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. இந்த ஊரில் சதுரமான மனை கிடைப்பதே அபூர்வம். கோணல் மாணலான இடம் வந்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். அவர் சிரிப்பார். "முக்கோணம் எப்படி வேணா இருக்கட்டும் ரவி. ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் குடுங்க, மிச்சத்த நான் சொல்றேன்."

ஸ்ரீராம்புரத்தில் மழைநீர்க் கால்வாயை அகலப்படுத்தும் வேலை எங்களிடம் வந்தது. கால்வாயின் எல்லைக்கல் அக்கரையில், பூட்டிய காம்பவுண்டுக்குள் இருந்தது. கல்லுக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்தால்தான் இக்கரையில் கோடு போட முடியும். டேப் பிடிக்க வழியில்லை. இக்கரைச் சந்தில் முப்பது மீட்டருக்கு ஒரு கோடு அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் கல்லைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். முதலில் போன குழு ஒரு முனையில் மட்டும் எடுத்தது. மழை பிடித்துக்கொள்ளவே, மறுமுனையில் தொண்ணூறு டிகிரி என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டது. அந்தக் கணக்கின்படி இக்கரையில் பதினோரு வீடுகள் கால்வாய் நிலத்தில் இருந்தன.

அதை வரைந்து கையெழுத்துப் போட்டவன் நான்.

பிலோமினா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கோணம் அளக்கும் பழைய தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார். மறுமுனையில் தொண்ணூற்றேழு டிகிரி. சைன் விதியில் போட்டுப் பார்த்தால் கல் இன்னும் ஆறு மீட்டர் தள்ளி இருந்தது. அப்படியானால் இக்கரையில் போட்ட கோடும் ஆறு மீட்டர் அக்கரைப் பக்கம் நகரும். பதினோரு வீடுகளும் வெளியே.

மேனேஜர் கணக்கைப் பார்க்கவே இல்லை. "ஏழு டிகிரிதானே மேடம்? அட்ஜஸ்ட் மாடி, சரிக்கட்டிடுங்க. ரிப்போர்ட் போயாச்சு."

"தொண்ணூறுன்னு எழுதிட்டா அது தொண்ணூறு ஆயிடுமா சார்? அங்க ஜனங்க குடியிருக்காங்க."

பிறகு பிலோமினா என் பக்கம் திரும்பினார். "ரவி, நீங்களாவது சொல்லுங்க."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தன் கணக்கை ஒரே தாளில் எழுதி, அந்தச் சந்துக்காரர்களோடு மாநகராட்சி விசாரணைக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தார்கள். பிலோமினாவின் கணக்கிலிருந்து ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை. ஆனால் இடிப்பை நிறுத்தும் உத்தரவு வருவதற்குள் இரண்டு வீடுகளை இடித்துவிட்டிருந்தார்கள். அதில் ஒன்று, மாநகராட்சியில் தெரு கூட்டும் லட்சுமியின் வீடு. "எங்க வூடு சரியாத்தான் இருந்துச்சாமே? இப்ப சொல்லி என்னாத்துக்கு?" என்று அவர் பிலோமினாவிடம் கேட்டாராம். அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய ஆள் நான். நான் அங்கே போகவே இல்லை.

இரண்டு வீடுகளை இடித்ததற்காக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிலோமினாவுக்கு மட்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேறு நிறுவனங்களிலும் 'பிரச்சினை பண்ற லேடி' என்று சொல்லிவைத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில், நாள் கூலிக்கு, வெயிலில் அளவைக் கருவியின் முக்காலியைச் சுமந்து நடந்தார். வந்தது மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது போதவில்லை.

அடக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. அதைச் சவப்பெட்டியின் மேல் வைக்க விடாமல் லட்சுமி வழிமறித்து நின்றார். "இத நீங்களே எடுத்துக்கினு போங்க." கொண்டுவந்த பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நானே அதை வாங்கி வெளியே கேட் அருகே போட்டுவிட்டு வந்தேன்.

நேற்று தொம்மலூரில் ஒரு முக்கோண மனையின் அளவுத்தாள் என் மேசைக்கு வந்தது. இரண்டு பக்கங்களைத்தான் அளந்திருந்தார்கள்; ஆனால் மூன்றாவது பக்கத்துக்கும் எண் இருந்தது. அதைக் கணக்கிட எந்தக் கோணமும் அளந்த குறிப்பு இல்லை. மேனேஜர் அவசரம் என்றார். "போய் அளந்துட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிலோமினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு மறுப்புதான். அவர் பக்கத்து மேசையில் இருந்தபோதே எடுத்திருக்க வேண்டும்.