காட்டுமாட்டுக்குச் சொன்ன வரி

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. கேட்கிறவர்களுக்கு இது சினிமா வேலை. எனக்கு இது கழுத்துவலி. திரையில் ஒரு வெள்ளைக்காரன் வாயைத் திறப்பதையும் மூடுவதையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் உதடு மூடுகிற இடத்தில் என் தமிழும் உதட்டை மூட வேண்டும். மூடாவிட்டால் எவ்வளவு நல்ல வசனமானாலும் குப்பைதான். நடுவில் கரண்ட் போகும். பனிமூட்டம் இறங்கினால் நெட்டும் போகும். குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் வீடு கட்டிக்கொண்டால் இதையெல்லாம் பட்டுத்தான் ஆக வேண்டும்.

பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர ஒரே ஒரு படிக்கட்டுதான். இரண்டு பக்கமும் தேயிலைச் செடி. பொழுது சாயும் நேரத்தில் காட்டுமாடுகள் அந்தப் படிக்கட்டைத் தங்கள் வீட்டு வாசல் மாதிரி நினைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் சரிவில் இருப்பவர்கள் யாரும் சத்தமில்லாமல் படியேற மாட்டோம். கீழே நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவோம். மனிதன் வருகிறான் என்று தெரிந்தால் மாடு அதுபாட்டுக்கு ஒதுங்கிப் போகும். தெரியாமல் திடுக்கிட்டால்தான் ஆபத்து. சிலர் பாட்டுப் பாடுவார்கள், சிலர் வெறுமனே கூவுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மாட்டிடம் மரியாதையாகப் பேசுவார்.

"வழி உடுங்க சாமி, ஊட்டுக்குப் போகோணும்."

இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. மாட்டுக்கு 'ங்க', சாமி எல்லாம் உண்டு. அதைச் சொல்லிக் கேலி செய்தால், "நீ முட்ட மாட்டீல்ல அம்மிணி" என்பார். அந்தக் குரல் கேட்டதும் நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

அவர் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே என்ன செய்தார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வெளியே சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்டாராம். இப்போதாவது சொல்லுங்களேன் என்று கேட்டேன். "ரிட்டையர்டு ஆனது நானு. கையெழுத்து ஆகலீல்ல" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

அந்த முகமூடிக்காரன் படம் என்னிடம் வந்தது சில வருஷங்களுக்கு முன்னால். பகலில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், ஊருக்கு ஆபத்து என்றால் முகமூடி மாட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாகத் தாவுவான். முகமூடி மூக்குக்கு மேலேதான். வாயையும் சேர்த்து மூடியிருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். சண்டைக்கு முன்னால், எதிரில் ஒரு படையே நிற்கும்போது, அவன் அலுப்போடு ஒரு வரி சொல்வான். கொஞ்சம் நகருங்கள், நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிற மாதிரி. என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். எல்லாம் மேடைப் பேச்சாக வந்தது. வரியின் கடைசியில் அவன் உதடு வேறு மூடித் தொலைக்கிறது.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது. வழி உடுங்க சாமி, ஊட்டுக்குப் போகோணும். கடைசியில் உதடு கச்சிதமாக மூடியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதைப் படத்துல போட்டுக்கட்டுங்களா?" என்று அவரிடமே கேட்டேன்.

"மாட்டுக்குச் சொன்னது. தாராளமாப் போட்டுக்க" என்றார்.

அந்த வரி அப்படிப் பரவும் என்று யார் கண்டது! பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொன்னார்கள். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். சட்டையில் அச்சடித்து ஊட்டி மார்க்கெட்டில் விற்றார்கள். ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா என் வீட்டுக்காரரைப் பார்த்தால், "ஏனுங்க, ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்காமல் டீ ஆற்ற மாட்டார். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார். வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர் சொன்ன ஒன்றை ஊரே திருப்பிச் சொல்கிறது. அந்தச் சந்தோஷம் நடையிலேயே தெரிந்தது.

பிறகுதான் இந்த ஸ்டூடியோக்களின் பங்காளிச் சண்டை. அந்த நாயகனை வைத்துப் படம் எடுக்கும் உரிமை ஒரு ஸ்டூடியோவிடம். அவனோடு அதே சித்திரக்கதைகளில் வருகிற மற்ற வீரர்கள் எல்லாரும் போட்டி ஸ்டூடியோவிடம். இரண்டும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. அவன் தனியாக வரும் படம் முதலாவதற்கு. கும்பலோடு வரும் படம் இரண்டாவதற்கு. உடுப்பு, முகமூடி, கருவிப்பை எல்லாம் இரண்டு பேருக்கும் பொது. பொங்கலுக்கு ஒரு வீடு, தீபாவளிக்கு ஒரு வீடு என்று போகிற மருமகனாகிவிட்டான் அவன்.

இரண்டாவது ஸ்டூடியோவும் தமிழுக்கு என்னையே கூப்பிட்டது. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். இந்தப் படத்திலும் அவன் ஆங்கிலத்தில் அதையேதான் சொல்கிறான், ஆனால் தமிழில் அந்த வரி கூடாது. பொதுவில் வந்தவற்றில் அது சேரவில்லையாம். முதல் படத்துக்காக எழுதப்பட்டதால் முதல் ஸ்டூடியோவின் சொத்தாம். பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். உண்மைதான். எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவர்களுடையது. எந்த வடிவத்திலும், எந்த ஊடகத்திலும், என்றென்றைக்கும். உலகம் முழுவதும் என்றுகூட இல்லை, பிரபஞ்சம் முழுவதும் என்று போட்டிருந்தது. செவ்வாய் கிரகத்தில் காட்டுமாடு குறுக்கே நின்றாலும் அவர்களைக் கேட்டுத்தான் விரட்ட வேண்டும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எரிச்சலில் சொன்னேன். "அந்த வரி இனிமே நம்மளுது இல்லீங்களாமா. யாரும் சொல்லக் கூடாதாமா."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எழுத்துல இருக்குதா?"

"இருக்குதுங்க."

"நீ கையெழுத்துப் போட்டிருக்கிறியா?"

"ஆமாங்க, அதுக்கென்ன இப்ப?"

ரசம் கேட்டார். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டு, மறுநாளிலிருந்து மாற்று வரி தேட ஆரம்பித்தேன். 'நகருங்கள், நேரமாகிறது.' 'ஒதுங்குங்கள், போகவேண்டும்.' எழுதினேன், அடித்தேன். இரண்டு பணக்காரர்கள் பாகம் பிரித்துக்கொண்டதற்கு என் கழுத்து ஏன் வலிக்க வேண்டும் என்று அழுகையாக வந்தது.

அந்த நாட்களில் சாயங்காலத்தில் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் வந்த பிறகுதான் வந்தது தெரிந்தது. அடுப்பு பற்றவைக்கத் தாமதமானது. என்னவென்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் டீக்கடை அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்.

"உங்க ஊட்டுக்காரருக்கு எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா? அந்த வசனத்தச் சொல்லச் சொன்னா, அது கம்பெனி சொத்துங்க, நான் சொல்லப்படாதுன்னு போயிடறாரு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து, அதெல்லாம் சினிமாவுக்குத்தான், வீட்டில் பேசுவதை எவனும் கேட்க மாட்டான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சினிமாவுக்கு மட்டும்னு எழுத்துல போட்டிருக்குதா?" என்றார். போடவில்லையே. பிரபஞ்சம் முழுவதும் என்றல்லவா போட்டிருக்கிறது. "அப்பொறம் என்ன? நீ கையெழுத்துப் போட்டது. நான் சொல்லப்போயி உன்ற வேலைக்கு ஒண்ணு ஆகப்படாது அம்மிணி" என்றார். இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

அதற்கு அடுத்த வாரம், விளக்கு வைக்கும் நேரம். மார்க்கெட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. வெளியே மூசுமூசென்று மூச்சு விடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். படிக்கட்டின் நடுவில் பெரிய ஒற்றைக் காட்டுமாடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே, கை நீட்டினால் கொம்பு தொடும் தூரத்தில், பையோடு அவர். சத்தமில்லாமல் ஏறி வந்திருக்கிறார். பனியில் கிட்டே வரும்வரை இரண்டு பேருமே ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாடு தலையைத் தாழ்த்திக் காலால் தரையைத் தேய்த்தது. அவர் அந்த நேரத்திலும் வாயைத் திறக்கவில்லை. இருமினார். மறுபடியும் இருமினார். என் வேலை போய்விடக் கூடாதென்று மாட்டுக்கு முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

"வழி உடுங்க சாமி! அவரு ஊட்டுக்கு வரோணும்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாடு காதை அசைத்தது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அதன் சௌகரியப்படி தேயிலைக்குள் இறங்கிப் போனது.

அவர் ஏறி வந்து வாசல் திண்டில் உட்கார்ந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "வார்த்தைய மாத்திப் போட்ட. அதனால கேசு வராது" என்றார்.

எனக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று காலைதான் போனில் செய்தி பார்த்திருந்தேன். இரண்டு ஸ்டூடியோக்களும் மறுபடி முறைத்துக்கொண்டு பிரிந்துவிட்டன, எடுத்து முடித்த இந்தப் படத்தோடு சரி என்று உலகம் முழுக்க ரசிகர்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேசு எப்படிங்க வரும்? அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. ஏற்பாடெல்லாம் ரத்து. அந்த வரியத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"யாருகிட்ட?"

"நம்மகிட்டத்தானுங்க. வேற யாருகிட்டக் குடுப்பாங்க?"

என்னையே பார்த்தார். "எழுத்துல வந்துச்சா?"

"வந்துச்சுங்க" என்றேன். அப்படி எதுவும் வரவில்லை, வரவும் வராது. அவர்கள் பிரிந்தாலும் சேர்ந்தாலும் அந்த வரி என்றென்றைக்கும் அவர்களுடையதுதான்.

"செரி" என்று எழுந்து, பையிலிருந்த கேரட்டைக் கூடையில் கொட்டினார்.

மறுநாள் சாயங்காலம், முகமூடிக்காரனின் திறந்த வாய்க்கு முன்னால் பொருத்தமான சொல் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கீழே பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அன்று பனி இல்லை. கீழிருந்து மேல்வரை படிக்கட்டு முழுவதும் தெரிந்தது. காட்டுமாடு ஒன்றுகூட இல்லை. அவர் முதல் படியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, வெறும் படிக்கட்டைப் பார்த்து, சத்தமாக இரண்டு தடவை சொன்னார்.