பாம்புக்காதுக்காரி

வெடிமருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பாம்புக்காது. பட்டப்பெயர் வைப்பதில் படித்தவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

வேலை இதுதான். பட்டாசுக்கென்று புதிதாகக் கலந்த மருந்தில் ஒரு சிட்டிகையைப் பட்டறைக்கல்லின்மேல் வைப்பார்கள். மேலிருந்து ஓர் எடைக்கட்டி அதன்மேல் தொப்பென்று விழும். கட்டி விழும் சத்தத்துக்குள்ளேயே மருந்து பொரியும் சத்தமும் ஒளிந்திருக்கும். அதைப் பிரித்துக் கேட்டு, ‘வெடிச்சுது’ என்றோ ‘இல்லை’ என்றோ அவள் சொல்ல வேண்டும். டாக்டர் எழுதிக்கொள்வார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, பட்டம் வாங்கியவர், கூடத்துக்கே தலைவர். எவ்வளவு உயரத்திலிருந்து கட்டி விழுந்தால் மருந்து பொரிகிறது என்பதை வைத்துத்தான், அதைத் தொடுகிறவன் கை தப்புமா தப்பாதா என்று அவர் கட்டுரையில் எழுதுவார். கேட்கிறவள் காதில் பஞ்சு வைக்கக் கூடாது. வைத்தால் சின்னப் பொரி கேட்காது. வைக்காவிட்டால் காதே போய்விடுமே என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை.

போயிற்று. ஒரேயடியாக இல்லை. முதலில் குருவிகள் போயின, அப்புறம் குழாய் சொட்டுவது, அப்புறம் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெற்றவர்கள் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியது இந்த வேலைதான். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகினாள். மருந்துக்குக் கண்ணும் மூக்கும் கைகொடுத்தன: ஓர் இழை புகை, ஒரு கருகல் வாடை. அது இருந்தால் ‘வெடிச்சுது’. வருஷா வருஷம் வரும் காது பரிசோதனையில்தான் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கும் டாக்டரே வழி செய்தார்.

“உனக்கெதுக்கும்மா டெஸ்ட்? உன் காதைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டுவிடுவார். மகராசன், நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த மகராசன் புகையில்லாத பட்டாசு செய்யக் கிளம்பினார். உலகம் பூராவும் அதற்குத்தான் ஆராய்ச்சி நடக்கிறதாம். புதுக் கலவையில் புகை இல்லை, வாடையும் இல்லை. கட்டி விழும். அவள் கல்லை உற்றுப் பார்ப்பாள். கரித்தடமே இல்லாமல் பளபளவென்று இருக்கும். ‘இல்லை’ என்பாள். இன்னும் உயரத்திலிருந்து விழும். மறுபடி ‘இல்லை’. டாக்டர் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு வெளிச்சம். கட்டுரை வெளிவந்தது, பாராட்டு குவிந்தது, அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பக்கத்துப் பட்டாசு ஆலை அந்தக் கலவையை வாங்கிக்கொண்டது. அந்த ஆலையில் மருந்தைக் குழலில் வைத்து இடிக்கிறவன் அவள் தம்பி.

“எங்க அக்கா கேட்டுச் சொன்ன மருந்துடா, தைரியமா இடிங்க!” என்று கூட வேலை செய்கிறவர்களிடம் அவன் பீற்றிக்கொள்வான்.

ஒருநாள் தடிமனான கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டாக்டரும் அவருடைய உதவியாளரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப்பக்கம் அவள் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவரின் உதடுகளும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

“அந்தம்மாவுக்குப் பதிலா ஒரு மைக் வச்சிடலாமே, சார்?”

“மைக்குக்குத்தான் காது கேக்குமேய்யா.”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

இத்தனை காலம் டாக்டர் கண்ணில் மண்ணைத் தூவியதாக அவள் நினைத்திருந்தாள். அவரோ அவள் செவிட்டுக்காதுக்குத்தான் சம்பளம் கொடுத்திருக்கிறார்! நேரே போய் அவர் மேஜை முன் நின்றாள்.

“எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சும் ஏன் சார் எழுதுனீங்க?”

“நீ சொன்னே, நான் எழுதுனேன்.” உதடு நன்றாகத் தெரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் வாயைப் பிளந்து நிதானமாகச் சொன்னார். “போ. செவிடுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லு. இத்தனை வருஷச் சம்பளமும் ஏமாத்தி வாங்குனதுன்னு சேத்துச் சொல்லு.”

வீட்டுக்கு வந்தாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். சொன்னால் வேலை போகும், தம்பி கண்ணில் இருக்கிற அந்த மரியாதையும் போகும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அந்த ஒரு நாளைத்தான் அவள் பிறகு சாகும் வரைக்கும் நினைத்து நினைத்து அழப் போகிறாள்.

மறுநாள் மனசு கேட்காமல் ஆலை வாசலுக்கே போய்விட்டாள். “தம்பியைக் கொஞ்சம் வரச்சொல்லுங்க, அவசரம்” என்றாள். காவலாளி போனை எடுத்தார். எங்கோ தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது அவளுக்கு. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. லாரி போகிறது என்று நினைத்தாள். பார்த்தால் காவலாளியின் தலை உள்ளே திரும்பியிருந்தது. எதிர்க்கடையில் நின்றவர்கள், சைக்கிளில் போனவன், இடுப்பில் பிள்ளையோடு நின்றவள், எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. கடைசியாகத் திரும்பியது அவள்தான்.

தம்பி பிழைத்தான். இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போயின.

விசாரணை நடந்த அன்றே டாக்டர் அவளுக்குக் காது பரிசோதனை நடத்தினார். நம்பி மோசம் போனேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை போயிற்று. வெடிமருந்தைச் சோதிக்க மனிதக் காதை நம்புவது எத்தனை ஆபத்து என்று அவர் இன்னொரு கட்டுரை எழுதினார். முதல் கட்டுரையைவிட அதற்குத்தான் பேர் அதிகம்.

இப்போது அவள் தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள். வாய்க்கு நேரே கை போகிறபோது உதட்டைப் பார்க்காமல் முடியாது. தினமும் அவன் கேட்பது ஒன்றுதான்.

“கேக்கலைன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிக்கொண்டால் கேட்காது. அவன் திறந்த வாயோடு அடுத்த கவளத்துக்குக் காத்திருப்பான்.