கடலுக்கடியில் ஓடிய மிசாவோ

மிசாவோவுக்கும் எனக்கும் ஆகாது என்று கராத்தோ மீன் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதி உண்மை. அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஓர் ஐஸ் பெட்டிதான் எல்லை. நான் அவித்த ஆக்டோபஸ் விற்கிறேன், அவள் பேத்தை மீன் அறுக்கிறாள். "நொபோருண்ணே, உங்க சரக்குக்கு எட்டுக் காலு இருந்தும் கடையை விட்டு நகர மாட்டேங்குதே!" என்று என் வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பாள். வாய் அப்படி. ஆனால் கத்தி பிடித்த அவள் கையைக் குறை சொல்ல எனக்கு இதுவரை ஒரு சாக்கும் கிடைத்ததில்லை.

பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் விஷம். அதைப் பிரித்து எடுக்க உரிமம் வேண்டும். மிசாவோ உரிமம் வாங்கிய நாள்முதல் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். விஷ உறுப்புகள் எல்லாம் பூட்டுப் போட்ட எஃகு வாளிக்குள் போகும். அறுப்பு முடிந்ததும் வாளிக்குள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகே முதல் விற்பனை. அதுவரை யார் வந்து நின்றாலும் நிற்க வேண்டியதுதான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அந்த வழக்கம் தவறியது.

விடுமுறைக் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. நகானோ மலைப்பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர் மனைவியோடு முதல் ஆளாக நின்றார். ஆண் மீனின் வயிற்றில் வெள்ளையாக ஒரு பால்பை இருக்கும். அதில் விஷம் இல்லை. துண்டு போட்டு, உப்புத் தூவி, தணலில் வாட்டித் தருவாள் மிசாவோ. பெரியவர் அதற்காகவே விடிய விடியப் பயணம் செய்து வந்திருந்தாராம். "இன்னும் ஆகலையாம்மா?" என்று அவர் ஓயாமல் கேட்க, அவள் மனமிரங்கி ஒரு பையை வெட்டிக் குச்சியில் கோத்து வாட்டிக் கொடுத்துவிட்டாள்.

பொட்டலத்தோடு அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். "இங்க வேற என்னங்க பாக்கறதுக்கு இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அக்காமா கோயில்ல கும்பிட்டுட்டு, கடலுக்கடியில போற சுரங்கத்துல நடந்து அக்கரை மோஜிக்குப் போங்க. நடுவுல ரெண்டு கரைக்கும் எல்லையா ஒரு கோடு இருக்கும். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வச்சுப் படம் எடுத்துக்குங்க."

"இவருக்குத் திங்கவே நேரம் பத்தல, இதுல எங்க நடக்கறது!" என்று புருஷனை இடித்துக்கொண்டே போனார்.

அதன் பிறகுதான் மிசாவோ வாளியைத் திறந்தாள். அன்று அறுத்ததில் பெண் மீன் ஒன்றே ஒன்று. அதன் சினை வாளியில் இல்லை.

மேசை, கழிவுநீர்ச் சல்லடை, தரை என்று அவள் புருஷன் கெங்கோ துழாவினான். தட்டில் மீதியிருந்த பைகளை மிசாவோ ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் பால்பைதான். அப்படியானால் மிச்சம் இருப்பது அந்தப் பொட்டலம் ஒன்றுதான். வாட்டிய பிறகு சினைக்கும் பால்பைக்கும் மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சினையாக இருந்தால் முதலில் வாய் மரத்துப்போகும், அப்புறம் கைகால், அப்புறம் மூச்சு. மாற்று மருந்து கிடையாது.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. சுகாதார ஆபீசுக்கும் சொல்லிடு. கடையை மூடு" என்றாள்.

"இன்னொரு தடவை தேடிட்டு..." என்று கெங்கோ இழுத்தான்.

"தேடு. முதல்ல சொல்லிட்டுத் தேடு."

உரிமம் போனால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. அது தெரிந்தும் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை அவள். அடுத்த நொடியே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்கதானே வழி சொன்னீங்க? வண்டில ஏறுங்க!"

ரப்பர் பூட்ஸோடு கோயில் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். நான் பின்னால் நாய் மாதிரி இரைத்துக்கொண்டு போனேன். தாயத்து விற்கும் பெண்ணிடம் அடையாளம் சொன்னோம்.

"ஆமா, வந்தாங்க. அந்தத் தாத்தா கை கழுவற தண்ணியை அள்ளி அள்ளி நாக்குல ஊத்திக்கிட்டு நின்னாரு. பாட்டி திட்டி இழுத்துட்டுப் போனாங்க."

மிசாவோவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. ஆம்புலன்ஸைச் சுரங்கத்துக்கு அனுப்பச் சொல்லிக் கெங்கோவுக்குப் போன் போட்டாள்.

சுரங்கத்துக்கு இறங்கும் லிஃப்ட் அன்றைக்கு ஆமைக்கு அண்ணனாக இருந்தது. கதவு திறந்ததும் ஓடினாள். உடற்பயிற்சிக்கு நடக்கும் பெரியவர்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். நடுவில், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வாய் மரத்த மாதிரி இருக்கா?"

"அட ஆமாம்மா! நாக்குல ஒண்ணுமே தெரியல. உனக்கெப்படித் தெரியும்?"

மிசாவோ அப்படியே தரையில் மண்டியிட்டு நெற்றியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு விஷத்தைக் குடுத்திருப்பேனோன்னு பயமா இருக்குங்க. நிச்சயமாத் தெரியல. பாக்காம வித்துட்டேன், தப்பு என்னோடது. ஆம்புலன்ஸ் வருது. தயவுசெஞ்சு உக்காருங்க, நடக்காதீங்க."

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பெரியவர் கோட்டின் மேலேயே உட்கார்ந்தார். அவர் மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். குச்சியில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. பேத்தை மீன் என்றால் பயம் என்று அந்த அம்மாள் தொடாமல் வைத்திருந்த துண்டு. அதை வாய்க்குக் கொண்டுபோனார்.

மிசாவோ பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இழுபறியில் துண்டு இருவர் விரல்களுக்கும் நடுவே நசுங்கி, வெள்ளையாகக் கெட்டிப்பால் போல வழிந்தது.

மிசாவோ அதைக் கட்டைவிரலில் தேய்த்தாள். விளக்கடியில் பிடித்து மறுபடி தேய்த்தாள். சினையாக இருந்தால் மணல்போல நெருடும். நெருடவில்லை.

"பால்பை," என்றாள். "பால்பைதாங்க இது. மொத்தமும் ஒரே பையில வெட்டினதுதான். ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப என் நாக்கு?" என்றார் பெரியவர்.

"சுடச்சுட இருக்கு, ஊதித் தின்னுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? வெந்து போச்சு!" என்று அம்மாள் கத்தினார். கத்தியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து மிசாவோவின் போன் அடித்தது. கெங்கோதான். வாளியையே கவிழ்த்துத் தேடியிருக்கிறான். சினை மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

"மூடியிலயா!" என்று அவள் போட்ட சத்தம் சுரங்கம் முழுக்க எதிரொலித்தது. சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டாள். "ஆம்புலன்ஸ் வரட்டும், பெரியவர் நாக்கைப் பாக்கட்டும். ஆபீஸ்காரங்களும் வரட்டும், நடந்ததைச் சொல்லுவோம். பாக்காம வித்தது வித்ததுதானே." எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. முழங்கால் வலியே அப்போதுதான் உறைத்தது.

திரும்பி மேலே போகும் லிஃப்டில் நாங்கள் நால்வர்தான். பெரியவர் தன் ஷூ முனையைப் பார்த்தபடியே மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்: "நீ நெசமாவே தின்னிருப்பியா?"

"பசிச்சுது. வேற என்ன?" என்றார் அம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பெரியவர் மனைவியின் தோளில் கிடந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.