தலை இடப்பக்கம் பார்க்க வேண்டும்

மீன் படம் வரைகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: மீன் எந்தக் கடலில் பிறந்திருந்தாலும் சரி, காகிதத்தில் அதன் தலை இடப்பக்கம்தான் பார்க்க வேண்டும்.

ஏன் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. விலங்கியல் படித்து, ரெக்கார்டு நோட்டு வரைந்தே நடுவிரல் காய்த்துப்போன என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நான் தூரத்து நகரம் ஒன்றில், ஏசி அறையில், கணினித் திரையில் கடலுயிர்களை வரைகிறேன். விரலில் மை ஒட்டுவதில்லை, உடையில் மீன் நாறுவதில்லை. வேலை சுகம்தான். ஆனாலும் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் நாறிக்கொண்டே வரைந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஒடிந்த மீசை

எல்லாம் ராமநாதபுரத்தில் கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. வகுப்பில் எனக்குத்தான் படம் வரும். அதனால் விடுதித் தோழிகள் பத்துப் பேரின் ரெக்கார்டு நோட்டும் என் கட்டிலுக்கு வந்துவிடும். பதிலுக்கு அவர்கள் என் துணியைத் துவைத்துப் போடுவார்கள். இரண்டு பக்கமும் லாபம் என்று நிம்மதியாக இருந்தோம்.

அந்த வாரம் இறால் வரைய வேண்டும். ஆய்வகத் தட்டில் கிடந்த இறாலைக் கண்ணால் பார்த்து, பார்த்தபடியே பதினோரு நோட்டிலும் வரைந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே பெருமையாக இருந்தது. எங்கள் பேராசிரியை லூர்துமேரி மேடம் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து திருப்பினார். பிறகு எங்கள் பதினோரு பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்: "ஏம்மா, பதினோரு எறாலுக்குமா எடது மீசை ஒடிஞ்சிருக்கு?"

பஸ்ஸில் ஒரு கேள்வி

பாவம், திட்டினாலும் என் கையை அவர் மறக்கவில்லை. நான் பட்டம் வாங்கியதும், "இந்தப் பிள்ளை கற்பனை பண்ணாது, இருக்கிறதை இருக்கிறபடி வரையும்" என்று சிபாரிசுக் கடிதம் எழுதி மண்டபத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு ஆய்வுக் குழு, இந்தக் கரையில் கிடைக்கும் மீன்களையெல்லாம் படம் போட்டு அடையாளம் சொல்லும் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தது. பாதி நாள், கெடாமலிருக்க மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்த மீனை எடுத்துச் செதில் எண்ணுவேன், துடுப்பு முள் எண்ணுவேன். மீதி நாள் எண்ணியதை வரைவேன். ஒரு செதில் கூடினாலும் அறிவியல் தப்பு, ஒரு கோடு பிசகினாலும் படம் தப்பு. இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் போன்ற வேலையைத்தான் ஆயுள் முழுக்கப் பார்க்கப் போகிறேன் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

என்னைப் பெற்ற அய்யாவுக்குத்தான் அது பிடிபடவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி அவர். மகள் டீச்சர் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. "பொங்கல் வரைக்கும் பாரு. அதுக்குள்ள இது என்ன வேலைன்னு எனக்கு வெளங்கணும். வெளங்கலைன்னா பி.எட்." என்று சொல்லிவிட்டார். எனக்கே ஒரு வரியில் விளக்கத் தெரியாத வேலையை அவருக்கு எப்படி விளக்குவது?

சனிக்கிழமைகளில் ஊருக்குப் போவேன். ஒருநாள் முதுகுளத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைச் சுளித்தார், ஜன்னலைத் திறந்தார், கடைசியில் என் பக்கமாகக் குனிந்து மோந்தே பார்த்துவிட்டார். "மீன் விக்கிறவ மேல மீன் வாசம் வரும், ஆசுபத்திரியில இருக்குறவ மேல மருந்து வாசம் வரும். ஒம்மேல ரெண்டும் வருதே, நீ என்னதான்த்தா வேல பாக்குற?"

காதர் பாயின் தீர்ப்பு

முதல் இருபது படங்கள் முடிந்ததும் எங்கள் குழுத் தலைவர், அவற்றைக் கரையில் காட்டி உள்ளூர்ப் பெயர்களைச் சரிபார்த்து வரச் சொன்னார். நான் தாள்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வேதாளைக் கரையில் மீன் ஏலம் எடுக்கும் காதர் பாய், முப்பது வருடமாகக் கையால் மீனைத் தொட்டுப் பெயர் சொல்கிறவர். அவர் முன்னால் என் கிளிமீனைப் பெருமையாக நீட்டினேன். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த படம் அது. செதில் ஒன்றுகூடத் தப்பாது.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் என்னவென்றால், நான் மருந்துத் தண்ணீரில் ஊறிய மீனைப் பார்த்துத்தான் வண்ணம் தீட்டியிருந்தேன். முதுகுளத்தூர்க்காரி, கருவாடு தவிர மீன் அறியாதவள், கிளிமீன் என்றாலே சாம்பல் நிறம்தான் என்று நம்பிவிட்டேன். அவர் காலடிக் கூடையில் அப்போதுதான் வந்து துடித்துக்கொண்டிருந்த கிளிமீனோ பச்சையும் நீலமுமாக, உதட்டில் ரோஸ் தீட்டிக்கொண்டு கிடந்தது. காதர் பாய் சவத்தைத் தூக்குவது போலப் படத்தை மெதுவாக என் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஏத்தா, இது மீனில்ல. மீனோட மய்யித்து."

தலைக் குழம்பு

அதன் பிறகு வண்ணப் பெட்டியோடு கரைக்கே போய்விடுவேன். படகு வந்து கால் மணி நேரத்துக்குள் நிறத்தைப் பிடித்தாக வேண்டும். அப்புறம் மீன் வெளுக்க ஆரம்பித்துவிடும். நிறத்தை அங்கேயே தாளில் தொட்டு வைத்துக்கொண்டு, மீனை ஐஸில் போட்டு எடுத்து வந்து, குழு தங்கியிருந்த விடுதி பிரிட்ஜில் வைத்து, ஆற அமர வரைவேன்.

விடுதியில் சமையல் சுகந்தி அக்கா. மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவர்; வரைவதைக் கீறுவது என்பார். என் படங்களை என்னைவிட அக்கறையாகப் பார்ப்பார். ஒருநாள் அபூர்வமாகக் கிடைத்த பெரிய களவா மீனின் தலையை மட்டும் வரைந்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அடுப்படியில் கமகமவென்று குழம்பு. எனக்கு உயிரே போய்விட்டது. பிரிட்ஜுக்கு ஓடினேன். அக்காவோ நான் பாராட்டப் போகிறேன் என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டே வந்தார். "தலை கீறி முடிச்சிட்டீர்தானே எண்டு தலையை மட்டும்தான் குழம்புக்குள்ள போட்டனான். உடம்பு பத்திரமாக் கிடக்கு, ஆறுதலாக் கீறும்."

குழம்பு பிரமாதம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எட்டுக் கால்

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யா மண்டபத்துக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் நாலாக மடித்த பி.எட். விண்ணப்பம். தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே இடம் சொல்லி வைத்திருந்தார். எல்லாம் நிரப்பியிருந்தது, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னொரு கையில் மஞ்சப்பை. அதற்குள் சுருண்டுபோன மிளகாய் இலைகள்.

"ரெண்டு தடவ மருந்தடிச்சாச்சு. உரக்கடக்காரன் பூச்சிங்கிறான், பூச்சி சாக மாட்டேங்குது" என்றார். அந்த வருடம் எங்கள் வீடே அந்தச் செடியை நம்பித்தான் இருந்தது. நான் பேச்சை மாற்றும் சாக்கில் ஓர் இலையை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அய்யாவையும் பார்க்கச் சொன்னேன். மேலே போட்டிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் குனிவது போலக் குனிந்தார்.

"ஏத்தா, ஊருது!"

"கால எண்ணுங்க அய்யா."

அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். "எட்டு."

"பூச்சின்னா ஆறுதான் இருக்கும். இது சிலந்தி சாதி. அவரு குடுத்த மருந்து இதுக்குக் கேக்காது, இதுக்கு வேற மருந்து."

அய்யா நிமிரவே இல்லை. குனிந்தபடியே யோசித்தார். "வாயால சொன்னா அவன் நம்ப மாட்டான். இத இப்படியே பெருசா வரைஞ்சு குடு, அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்."

படத்தாள் பீரோ பூட்டியிருந்தது. சாவி குழுத் தலைவரிடம், அவர் ஊரில் இல்லை. சொன்னேன். அய்யா சட்டைப் பைக்குள் கை விட்டு விண்ணப்பத்தை எடுத்தார், மேஜையில் வைத்து மடிப்பை நீவினார், வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவசரத்தில் வேறு தாள் தோன்றாமல்தான் கொடுத்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் பேனாவை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்னத்தப் பாக்குற? பி.எட். அடுத்த வருசமும் இருக்கும், செடி அடுத்த வாரம் இருக்காது. காலு எட்டையும் எண்ணிப் போடு."

ஆசிரியப் பயிற்சிக்கு என் பெயரில் நிரப்பப்பட்ட ஒரே விண்ணப்பம், வாய் இடப்பக்கம் பார்க்க எட்டுக் கால்களையும் விரித்தபடி, இன்றும் முதுகுளத்தூர் உரக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.