ஒட்டுக்கு முன்னால் ஒரு குரல்

பெட்டிக்காரருடைய அத்தானுக்குப் படக்கம்பெனி ஐந்நூறு பாக்கி வைத்திருந்தது. கதாநாயகனுக்குப் பதிலாக மூன்றாம் மாடியிலிருந்து குதித்த கூலி அது. குதிப்பது படத்தில் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை என்பது முதலாளி பேசிய பேச்சு. கீழே கட்டிய வலை அறுந்தது. அத்தான் இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தார். படம் வெளிவந்ததும் அக்கா கூலி கேட்கப் போனாள். காட்சி சரியாக விழவில்லை, சேர்க்கவேயில்லை என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

முதல் வாரம் பார்த்தவர்கள் தன்னைப் படத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள் என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தெருவில் அவருக்கு 'ஆகாயப் புளுகர்' என்று பெயர் விழுந்தது.

பெட்டிக்காரர் அப்போது மளமளவென்று மேலே வந்துகொண்டிருந்த ஆள். நாலாம் வகுப்போடு படிப்பை ஏறக்கட்டிவிட்டு, தியேட்டருக்குத் தியேட்டர் படப்பெட்டி சுமந்த தலை அது. பழைய பிரதிகளை வாங்கி, விற்று, சொந்தக் கிடங்கும் இரும்புக் கதவு போட்ட வீடும் கண்டார். எவன் தயவிலும் அல்ல. பிலிமை விரலால் தடவியே அது எத்தனை தியேட்டர் பார்த்தது என்று சொல்லிவிடுவார். சொன்னதை நாலு பேரிடம் திரும்பவும் சொல்வார். சொன்னால் என்ன, உண்மைதானே.

அந்தப் படத்தின் இரண்டு பிரதிகள் அவர் கைக்கு வந்தன. இரண்டிலும் கதாநாயகன் மாடி விளிம்பில் நிற்கிறான். அடுத்தாற்போல் தெருவில் ஓடுகிறான். நடுவில் ஒன்றுமில்லை. பெட்டிக்காரர் நேராகக் கட்டிலருகே போய் நின்றார்.

"ரெண்டு பெட்டியும் பாத்துட்டேன் அத்தான். நீங்க அதுல இல்ல."

அத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. புளுகர் என்ற பெயரோடுதான் பாடை ஏறினார். அக்கா தம்பி வீட்டு வாசலை மிதிப்பதை விட்டாள்.

காலம் போயிற்று. முதலாளியும் போனார். அவர் மகன், சின்ன முதலாளி, படத்தை முழுசாகச் சேர்த்து மறுபடி வெளியிட ஆசைப்பட்டு வேலையைப் பெட்டிக்காரரிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்? மூடிப்போன ஒரு தியேட்டரின் மாடியறையில் துருவேறிய மூன்றாவது பெட்டி ஒன்று அகப்பட்டது.

மூன்றையும் மேசையில் அருகருகே ஓட்டினார். குதிப்பது அந்த மூன்றாவதிலும் இல்லை. மற்றவனாக இருந்தால் அத்தோடு மூடியிருப்பான். இவர் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பழைய இரண்டிலும் மாடி விளிம்பு முடிகிற இடத்தில் வெட்டிச் சேர்த்த ஓர் ஒட்டு கண்ணுக்குத் தெரிந்தது, நகத்தில் தட்டவில்லை. அப்படியென்றால் ஒட்டு இந்தப் பிலிமில் போட்டதல்ல. தாய் நெகட்டிவில் போட்டது, படத்தோடு படமாக இதில் அச்சாகியிருக்கிறது. வெட்டுப்பட்ட ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டும். இரண்டு சாட்சி என்று அவர் எண்ணியது ஒரே சாட்சி.

மூன்றாவதில் ஒட்டு நகத்தில் தட்டியது. இது நெகட்டிவை வெட்டுமுன் எடுத்த பிரதி. தியேட்டருக்குப் போன பிறகு, கம்பெனி ஆள் கத்தரிக்கோலோடு தேடிப்போய் வெட்டியிருக்கிறான்.

நெகட்டிவில் படமும் ஒலியும் தனித்தனிச் சுருள், இரண்டையும் அளந்து வெட்டிவிடலாம்; பிரதியில் இரண்டும் ஒரே பிலிமில். அதில் ஒலி அதனதன் படத்துக்கு நேராக இருக்காது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரம் முன்னாலேயே பதிந்திருக்கும். படத்தை வெட்டியவன் அதன் ஒலியில் முதல் துண்டை ஒட்டுக்கு முன்னால் விட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

அக்காவை ஆளனுப்பி அழைத்தார். சின்ன முதலாளியும் வந்தார். ரீல் ஓடியது. விளிம்பில் நின்ற கதாநாயகன் ஒட்டு தாண்டியதும் வாயை இறுக மூடிக்கொண்டு தெருவில் ஓடுகிறான். வேறு யாரோ "ஹோய்" என்று தொடங்க, குரல் பாதியில் அறுந்தது. அத்தான் எப்போதும் குதிக்குமுன் போடுகிற சத்தம் அது.

"இன்னொரு தடவ போடு" என்றாள் அக்கா. போட்டார்.

"அவருதான். நீ ரெண்டு பெட்டியப் பாத்தே தம்பி. அந்த மனுசன் மூஞ்சிய ஒருதடவ பாத்தியா?"

பெட்டிக்காரர் எழுந்து போய் மூன்றாவது பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பாக்கிய வச்சுட்டுப் பெட்டியத் தொடுங்க" என்றார் சின்ன முதலாளியிடம்.

"எங்கப்பா பேசுனது ஐந்நூறு. அதத் தந்துடறேன். மேல கேக்காதீங்கண்ணே."

அந்நாளில் ஐந்நூறுக்கு நல்ல டாக்டரைப் பார்த்திருக்கலாம். இன்றைக்கு அது அக்கா வீடு திரும்புகிற வண்டிக்குக் காணும், அவ்வளவுதான். பெட்டிக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு எழுந்தார். அக்கா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பேசுனது அதுதான். அதையே குடுங்க. கூட வந்தா அது அவரு காசில்ல."

கையை நீட்டினாள். சின்ன முதலாளி நூறு நூறாக எண்ணி வைத்தார். ஐந்தாவது நோட்டு விழுந்த பிறகும் அவள் விரல்களை மடக்கவில்லை.