அம்மா போட்ட சத்தம்

போன வாரம் முழங்கால் வலிக்கு வெந்நீர்ப் பை ஒன்று வாங்கிவந்தேன். டப்பாவைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை. வலி அப்படியே இருக்க, நான் மட்டும் அறுபது வருடம் பின்னால் போய்விட்டேன். வயதானதில் இது ஒரு வசதி, டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அது அம்மாவின் கையில் இருந்த வாசனை. ரிங் விளையாட்டு தெரியுமில்லையா உங்களுக்கு? வலைக்கு இரண்டு பக்கமும் நின்று ரப்பர் வளையத்தை வீசிப் பிடிப்பது. தரையில் விட்டால் போச்சு. பாளையங்கோட்டையில் எட்டாவது வரை படித்தபோது அம்மா அதில் பெரிய கெட்டிக்காரி. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்ததும் எல்லாம் நின்றது. நான் வளையம் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்ததும் மறுபடி தொடங்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் என்னைப் பெற்றாளோ என்னவோ.

சாயங்காலம் அடுக்களை வேலைக்கு நடுவே கிணற்றடிக்கு வருவாள். துணி காயப்போடும் கொடிதான் வலை. அப்பாவின் வேட்டி தொங்கினால் இன்னும் பிரமாதம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கையப் பாக்காதட்டி, காலப் பாரு. கால் எங்கன திரும்புதோ அங்கனதான் வளையம் வரும்" என்பாள். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

ஆனியும் ஆடியும் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். குற்றாலத்துச் சாரல் எங்கள் தெருவரை வந்து மெல்ல விழும். கூடவே ஆலங்குளத்துப் பெரியம்மா, புளியங்குடி மாமா, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி இருக்கிறதே, அது சமைத்துப் போட்டவர்களுக்குத்தான் தெரியும். அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆட்கள் நிறைந்தால்தான் அவளுக்கு வீடு.

நான் ஒன்பதாவது படித்த வருடம், பள்ளிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம் அப்படியொரு சாரல் நாளில் வந்தது. "நீ வருவியாம்மா?" என்று கேட்டேன். "பின்ன, வராம?" என்றாள்.

அன்று காலையில் விருந்தாளிகள் அத்தனை பேர் தலையிலும் நல்லெண்ணெயை வழிய வழிய வைத்தாள். "ஐந்தருவிக்குப் போங்க. நின்னு நிதானமா குளிங்க. நான் இங்கன உலை வச்சிட்டு இருக்கேன்." அந்த எண்ணெய் போவதற்குள் மத்தியானமாகிவிடும் என்பது அவள் கணக்கு. அவர்கள் வண்டி தெரு திரும்பியதும் கதவைப் பூட்டிவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே இருந்த பெண் எதைப் போட்டாலும் பிடித்தாள். நான் திணறியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "எடப்பக்கம் போடுட்டி! அவளுக்கு எடக்கை வராது!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நடுவராக இருந்த டீச்சர் ஆட்டத்தை நிறுத்தினார். "யாரும்மா அது? வெளிய போங்க." பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா எழுந்து போய் மதிலுக்கு வெளியே சாரலில் நின்றாள்.

இடப்பக்கம் போட்டேன். ஜெயித்தேன்.

கோப்பையோடு வெளியே வந்த நான் அம்மாவிடம் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "எல்லாரும் சிரிக்காவ. இனிமே நீ வராதம்மா."

அம்மா என் ஈரத் தலையை முந்தானையால் துடைத்தாள். "சரிட்டி. நல்லா ஆடுன" என்று சொல்லிவிட்டு, ஆட்கள் பசியோடு வந்துவிடுவார்களே என்று வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு என் எந்த ஆட்டத்துக்கும் அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வருடங்கள் போய், என் மகள் ஷட்டில் ஆட ஆரம்பித்தாள். பேத்தி கூப்பிட்டால் ஆச்சி மறுப்பாளா? போனாள். ஆனால் கடைசிவரை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மகள் தோற்றுவிட்டு வந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஆச்சி?" என்று சிணுங்கினாள்.

"நான் சத்தம் போட்டா எல்லாரும் சிரிப்பாவ, கண்ணு."

பக்கத்தில்தான் இருந்தேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் வரிசையாகக் கடைகள். சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்கள் லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு, போகும்போது போனில் சொல்கிறார்கள். ரிங் ஆடுகிறவர்களைப் பார்த்தே பல வருடம் ஆகிறது. அம்மாவும் போய்விட்டாள். அன்று நான் ஜெயித்தது அவள் போட்ட சத்தத்தால்தான் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருக்கலாம். அவள் என்னோடு இருந்த வருடங்கள் என்ன கொஞ்சமா?