நாளைக்கு வருகிறேன் என்றவர்களின் நோட்டு

அன்றைக்கு எங்கள் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள் ஆறு பேர். டாக்டரம்மா, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கணக்கு ஆபீசர், நாட்டுக்கே கடன் கொடுக்கிற வெளிநாட்டு வங்கியிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா, பெஞ்சில் ஏழு மாத வயிற்றோடு டெய்லர் வீட்டு மருமகள், அவளுக்குத் துணையாக வந்த மாமியார், சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நான். நர்ஸம்மா சாப்பிடப் போயிருந்தார். கார் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், ஆகவே அவரைச் சேர்க்கவில்லை. பிறகு பல மாதம், என்னை விசாரணைக்குக் கூப்பிட்டால் யார் எனக்காகப் பேசுவார்கள், யார் பேசமாட்டார்கள் என்று இந்த ஆறு பேரை, என்னையும் சேர்த்துத்தான், எண்ணிக்கொண்டே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எண்ணிக்கை மட்டும் அப்படியே மனதில் நின்றுவிட்டது.

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். பயப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு படித்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மெயின் ரோடு வரைக்கும் வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. அப்படிப்பட்டவளிடம் போய்ப் பணம் வாங்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் ஆயாதான். தரை துடைப்பது, குழந்தை துணி அலசுவது, வலி எடுத்தவள் கையைப் பிடித்துக்கொள்வது, இவ்வளவுதான் என் வேலை. சீட்டு எழுதிக்கொண்டிருந்த கிளார்க் ரிடையர் ஆனார். அவர் இடத்துக்கு ஆள் போடக்கூடாது என்று மேலிருந்து உத்தரவு. "நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவதானே, உக்காரு" என்று டாக்டரம்மா என்னை ஜன்னலுக்குப் பின்னால் தள்ளினார்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னடக்காரர். தமிழை எங்கள் பகுதிப் பெண்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டவர். ஆகவே அத்தனை பெரிய படிப்பு படித்த வாயில் "இன்னாம்மே" என்றுதான் தமிழ் ஆரம்பமாகும். வெள்ளைக் கோட்டின் ஒரு பையில் ஸ்டெதஸ்கோப், இன்னொன்றில் வறுத்த கடலை. ஒரு கையால் நாடி பிடித்தபடியே இன்னொரு கையால் கடலை கொறிப்பார். சிரித்தால் மருந்து அறையில் பாட்டில்கள் அதிரும். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பாதி பேருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்று நர்ஸம்மா சொல்வார்.

நான் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே, அதுவரை இலவசமாக இருந்த சீட்டுக்கு ஐந்து ரூபாய் என்று உத்தரவு வந்தது. ஊசிக்குத் தனியாக இரண்டு. தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு ஐந்து ரூபாய் என்பது அன்றைய காய்கறி. எதற்காக இந்தக் காசு என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நாட்டுக்கே கடன் குடுக்கறவங்க இருக்காங்கம்மா. அவங்க கடன் குடுக்கறப்போ கண்டிஷன் போடுவாங்க. செலவைக் குறை, ஆளைக் குறை, ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட கொஞ்சம் வாங்கு. பக்கத்து ஸ்கூல்ல புதுசா கட்டணம் வாங்கறாங்களே, அதுவும் இதே கதைதான்." அன்று முதல் எனக்குப் புதுக் கவலை ஒன்று பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் தவணை கட்டாவிட்டால் பைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நாடு தவணை கட்டாவிட்டால் எதைத் தூக்குவார்கள்? சட்டசபை நடக்கிற விதான சௌதாவையா? இதை டாக்டரம்மாவிடம் கேட்டதும் கடலை புரையேறிச் சிரித்தார். பிறகு முகம் மாறி, "அதைத் தூக்க முடியாதும்மா. அதான் சீட்டு ஜன்னல்ல கை வெக்கறாங்க" என்றார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காசு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஜன்னலுக்கு முன் வந்து நிற்பார்கள். ஐந்து ரூபாய் என்றதும் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார்கள். "அய்ய, துட்டு எடுத்தாற மறந்துட்டேன்க்கா. நாளைக்கு வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். நாளைக்கு வரமாட்டார்கள். மறந்தவர்கள் என்றே நானும் முதலில் நம்பினேன். அப்படிச் சொல்லிப் போன ஒருத்தி, மூன்றாம் வாரம் கை கால் வெட்டி இழுக்க ஆட்டோவில் வந்து இறங்கினாள். தாயைக் காப்பாற்றினோம். குழந்தை தங்கவில்லை. டாக்டரம்மா அன்றைக்குக் கடலை சாப்பிடவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பெண் ‘நாளைக்கு’ என்றபோது நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். "சரிம்மா" என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் டெய்லர் வீட்டு மருமகள் வந்தாள். முதல் பிரசவம். பாதம் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன. வாராவாரம் வந்து ரத்த அழுத்தம் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளும் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், "நீ உள்ள போ. அப்பறம் குடு" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தேன். அச்சடித்த சீட்டில் நம்பர் இருக்கும். அதைக் கிழித்தால் காசு காட்டியாக வேண்டும். சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் அவள் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். என் மகளுடைய நாற்பது பக்க நோட்டில், வாய்ப்பாடு எழுதாமல் விட்டிருந்த பக்கங்களில், மளிகைக் கடைக்காரர் எழுதுவதைப் போல, இன்னார் வீடு, இத்தனை ரூபாய் என்று குறித்துக்கொண்டேன். காசு கொண்டுவந்த அன்று அச்சுச் சீட்டைக் கிழித்துக் கணக்கில் சேர்த்துவிட்டு அந்த வரியை அடித்துவிடுவேன். சர்க்கார் ஆஸ்பத்திரியைக் கடனுக்கு நடத்துவது குற்றமா என்று எனக்குத் தெரியாது. குற்றமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, நோட்டை மேஜைக்கு அடியில் இருந்த பினாயில் கேனுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

டாக்டரம்மா என் காலண்டர் தாள்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் போகிற போக்கில், "இப்பல்லாம் சீட்டைப் பாத்தாலே நேத்து ராகு காலம் எப்பன்னு தெரிஞ்சிடுதும்மே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பயந்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே பழைய காலண்டர்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடன் கொடுப்பவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். கணக்கு ஆபீசர் முதல் நாளே வந்து வராந்தாவில் கோலம் போடச் சொன்னார். அந்த வெள்ளைக்கார அம்மா ஒல்லியாக, வெயிலில் சிவந்து, கையில் பெரிய பைலோடு வந்தார். டாக்டரம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொன்னார். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த மாமியாரிடம்தான் முதல் கேள்வி கேட்டார். இந்த ஐந்து ரூபாய் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா?

மாமியார் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "இன்னா கஷ்டம்? ஒரு கஷ்டமும் இல்ல. அஞ்சு ரூவாதான?" வெளியாளிடம் வேறு எப்படிச் சொல்வார்? அந்த அம்மா பைலில் டிக் அடித்தார். கணக்கு ஆபீசர் முகத்தில் திருப்தி. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் அப்படித் தோற்றுப்போன முகத்தை நான் பார்த்ததில்லை. இந்த ஒரு நாளுக்காக அவர் எத்தனையோ கடிதம் எழுதியிருந்தார். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் மட்டுமாவது இந்தக் கட்டணத்திலிருந்து விடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. அந்த டிக்கோடு அது முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். என் நோட்டு எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? அதற்குப் பிறகு இந்த மருமகள் வாராவாரம் எப்படி வருவாள்?

அந்த அம்மா எழுந்திருக்கும்போது பெஞ்சின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த துருப்பிடித்த ஆணி அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் வந்தது. டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்தார். "டிடி ஊசி போட்டாகணும்" என்றார். பிறகு மெதுவாக ஒரு சிரிப்பு அவர் முகத்தில் திரும்பி வந்தது. "ஆனா மொதல்ல சீட்டு வாங்கணும். ரூல்."

அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கைப்பை காரில் இருந்தது. காரை டிரைவர் டீக்கடைக்கு எடுத்துப் போயிருந்தார். கணக்கு ஆபீசர் பதறிப்போய்த் தன் பையில் கைவிட்டார். "இருங்க சார். நோயாளிதான் கட்டணும்" என்று டாக்டரம்மா தடுத்தார். அந்த அம்மா தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார். டாக்டரம்மா அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். "காசு மறந்துட்டாங்களாம். நாளைக்குத் தர்றாங்களாம்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை பழக்கத்தில் பினாயில் கேனுக்குப் பின்னால் போனது. நோட்டை எடுத்தேன். ‘வெள்ளைக்கார அம்மா, சீட்டு 5, ஊசி 2’ என்று எழுதினேன். காலண்டர் தாளையும் கிழித்து நீட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் கணக்கு ஆபீசர் அங்கே நிற்பது ஞாபகம் வந்தது.

"ஏனம்மா இது, என்னம்மா இது?" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தி நோட்டைப் பிடுங்கினார். புரட்டினார். "பக்கம் பக்கமா கடன்! இது சர்க்கார் ஆஸ்பத்திரியா, மளிகைக் கடையா, கிரானா அங்கடியா?"  வேலை போயிற்று, ஜெயில்தான் என்று நினைத்தேன். மகளுக்கு அந்த நோட்டில் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும்தான் முடிந்திருக்கிறதே என்ற கவலையும் கூடவே வந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "எங்க பேரு அதுல கீதா? அய்ய, மானமே போச்சி!" என்று தலையில் கைவைத்தார். டாக்டரம்மா நோட்டை வாங்கிக் கடைசி வரியை அவருக்குக் காட்டினார். "உங்க பேரு மட்டும் இல்லம்மே. இந்தம்மா பேரும் கீது பாரு."

மாமியார் அந்த வரியைப் பார்த்தார். வெள்ளைக்கார அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நெசமாவா? இவ்ளோ பெரிய பைலு வெச்சினு கீறாங்க, ஏழு ரூவா இல்லியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கூச்சம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. பெஞ்சைத் தட்டி, "இப்டி வந்து குந்தும்மா. ஆணி அந்தாண்ட கீது. இப்ப சொல்றேன் கேளு" என்றார். சொன்னார். டெய்லருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தையல் வருகிறது என்பதை, மருமகளின் வீங்கிய காலுக்கு ஐந்து ரூபாயா அல்லது தன் கடைசிப் பையனின் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து ரூபாயா என்று வீட்டில் நடக்கிற சண்டையை, இந்தச் சீட்டுக்காரி காலண்டர் தாள் கொடுக்காவிட்டால் அவர்களும் ‘நாளைக்கு’ என்றுதான் போயிருப்பார்கள் என்பதை. கடைசியாகச் சொன்னார்: "கடன் குடுத்தவங்க கேக்கட்டும், வாணான்னு சொல்லல. ஆனா புள்ளத்தாச்சி வவுத்துல கைய வெச்சி எடுத்தா இன்னா நாயம்?"

டாக்டரம்மா ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னார். அந்த அம்மா பைலைத் திறந்து பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்தார். பிறகு நோட்டில் எத்தனை பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், எத்தனையாவது மாதம் என்று கேட்டார். டாக்டரம்மா ஊசி போடும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தார். 

பல மாதம் கழித்து உத்தரவு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கட்டணம் கிடையாது. அடுத்த கடனுக்கான கண்டிஷனில் ஆஸ்பத்திரிச் செலவிலும் பள்ளிக்கூடச் செலவிலும் கைவைக்கக்கூடாது என்று எழுதியிருப்பதாக டாக்டரம்மா படித்துக்காட்டினார். என் நோட்டாலா என்று கேட்டேன். "சும்னே இரும்மே. உலகம் பூரா எத்தனையோ பேர் கத்தினாங்க. நம்ம சத்தமும் அதுல ஒண்ணு" என்றார். ஆனால் அன்றைக்கு என் உள்ளங்கையில் ஒரு கைப்பிடி கடலை வைத்தார். டெய்லர் வீட்டு மருமகளுக்கு அதற்கு முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. டாக்டரம்மாவை எட்டி உதைத்துக்கொண்டே பிறந்தது.

எனக்கு அப்போதும் நிம்மதி இல்லை. கட்டணத்தை எடுத்த பிறகு பழைய பாக்கியை என்ன செய்வது? யாரும் தரமாட்டார்கள், என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்தேன். ஆனால் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "நாளைக்குன்னு சொன்னேன்க்கா, கொஞ்சம் நாளாயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே காசை நீட்டினார்கள். கணக்கு ஆபீசர் தலையைப் பிடித்துக்கொண்டார். ரத்தான கட்டணத்தை வாங்க அவருடைய ரிஜிஸ்டரில் இடமே இல்லை. கடைசியில் டாக்டரம்மா அந்தக் காசில் பெஞ்சுக்குப் புதுப் பலகை போடச் சொன்னார். ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ முடுக்கித் தச்சர் போட்டுக் கொடுத்தார்.

டாக்டரம்மா ரிடையர் ஆகி மைசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் ரிடையர் ஆகிவிட்டேன். போன் போட்டால் இன்னும் "இன்னாம்மே, பாக்கி வந்துச்சா?" என்றுதான் எடுக்கிறார். வட்டி போட வேண்டுமா என்று நான் கேட்பேன். அவர் சிரிப்பில் போன் அதிரும். நோட்டில் ஒரு வரி தவிர எல்லாம் அடித்தாயிற்று. எங்கள் ஏரியாப் பெண்கள் யாரும் எனக்கு ஒரு பைசா தரவேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது மட்டும் பாக்கி. ஏழு ரூபாய்.